தடுப்பூசி எதைத் தடுக்கிறது: தொற்றையா, தீவிர நோயையா?

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டபோது, வீட்டுக்குள் அடைந்திருக்க வழியில்லாதவர்களில் காவல்துறையினரும் உண்டு. மாநிலக் காவல்துறையில் அப்போது கணக்கில் எடுக்கப்பட்ட 1,17,524 பேரில் 67,673 பேர் இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். 32,792 பேர் ஒரு தவணை மட்டும் போட்டிருந்தார்கள். மீதி 17,059 பேர் போடவே இல்லை. ஏப்ரல் 13 முதல் மே 14 வரையிலான ஒரே மாதத்தில் இவர்களில் 31 பேர் கொரோனாவுக்குப் பலியானார்கள். அவர்களில் 20 பேர் ஊசி போடாதவர்கள், 7 பேர் ஒரு தவணை போட்டவர்கள், 4 பேர் இரண்டும் போட்டவர்கள்.

இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊசி போட்டவர்கள்தானே என்று யாராவது கேட்டால், எண்ணிக்கையில் தப்பு சொல்ல முடியாது. 31-ல் 11 பேர் அப்படித்தான். ஆனால் ஊசி போட்டவர்கள் ஒரு லட்சம் பேர், போடாதவர்கள் பதினேழாயிரம் பேர்தான் என்பது அந்தப் பேச்சில் விட்டுப்போகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால்தான் ஒப்பிடவே முடியும். போடாதவர்களில் ஆயிரத்துக்கு 1.17. ஒரு தவணை போட்டவர்களில் 0.21. இரண்டும் போட்டவர்களில் 0.06. ஊசி போடாதவர்களின் ஆபத்தோடு ஒப்பிட்டால் ஒரு தவணை 82 சதவீதமும், இரண்டு தவணை 95 சதவீதமும் மரண ஆபத்தைக் குறைத்திருக்கின்றன. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது.

செய்திகளில் "தடுப்பூசியின் செயல்திறன் இத்தனை சதவீதம்" என்று வருகிறதே, அந்த எண் கிடைப்பது இப்படித்தான். போடாதவர்களுக்கு இருந்த ஆபத்தில் எவ்வளவு குறைந்தது என்பதுதான் அது. செயல்திறன் 95 சதவீதம் என்றால் ஊசி போட்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். காவல்துறைக் கணக்கைப் பாருங்கள். இரண்டு தவணை போட்ட ஒரு லட்சம் பேருக்கு 6 பேர்தான் இறந்தார்கள். நூற்றுக்கு ஐந்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனை இல்லை, நடந்து முடிந்ததைப் பார்த்து எடுத்த கணக்கு. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள் பயந்து ஊசியைத் தள்ளிப் போட்டிருக்கலாம். இரண்டு பிரிவுக்கும் வயதில் வித்தியாசம் இருக்கலாம். ஆகவே 95 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இருபது மடங்கு வித்தியாசத்தை இந்தக் காரணங்களை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

இது மரணத்துக்கான விடை. "தொற்றே வராமல் இருந்ததா?" என்று கேட்டால் விடை மாறும். அதே இரண்டாம் அலைக் காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் ஊழியர்களைப் பற்றி ஒரு கணக்கு எடுத்தது. இரண்டு தவணையும் போட்ட 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வந்தது. நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் குறைவு. போடாத ஊழியர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வந்தது. ஆக, தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு 65 சதவீதம். மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போவதிலிருந்து 77 சதவீதம். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையிலிருந்து 92 சதவீதம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதிலிருந்து 94 சதவீதம்.

ஒரே மருத்துவமனை, ஒரே காலம், பெரும்பாலானவர்கள் போட்டதும் ஒரே கோவிஷீல்டுதான். அப்படியும் நான்கு விடைகள். நோய் எவ்வளவு கடுமையாகிறதோ அந்த அளவுக்குப் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகிறது. தடுப்பூசி வேலை செய்கிறதா இல்லையா என்று மொட்டையாகக் கேட்டால், 65-ஐப் பிடித்துக்கொண்டு ஒருவரும் 94-ஐப் பிடித்துக்கொண்டு இன்னொருவரும் நாள் முழுக்கச் சண்டை போடலாம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். எதிலிருந்து பாதுகாப்பு என்ற கேள்வியை முதலில் கேட்காததால் வரும் சண்டை அது.

தொண்டை வேறு, நுரையீரல் வேறு

பாதுகாப்பு ஏன் இப்படிப் படிப்படியாகக் கூடுகிறது? கொரோனா வைரஸ் முதலில் இறங்குவது மூக்கிலும் தொண்டையிலும். அங்கே இருக்கும் ஈரமான சளிச்சவ்வைக் காப்பதற்கு உடலிடம் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. ஐ.ஜி.ஏ. என்று ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம், அங்கே சுரக்கும். கையில் போடும் ஊசி அந்த வகையைக் கொஞ்சமாகத்தான் தூண்டுகிறது. அது நிறையத் தூண்டுவது ரத்தத்தில் ஓடும் ஐ.ஜி.ஜி. வகையை. ஊசி போட்ட சில வாரங்களுக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. மிக அதிகமாக இருப்பதால் அதில் ஒரு பங்கு மூக்கு, தொண்டை வரை கசிந்து வந்து அங்கேயும் காவல் காக்கும். அந்தக் காலத்தில் தொற்றே பெரிய அளவில் தடைபடும்.

அப்புறம் மாதங்கள் போகப் போக ஆன்டிபாடியின் அளவு இறங்கும். இது தடுப்பூசியின் குறை இல்லை, உடலின் இயல்பே அதுதான். வாழ்நாளில் சந்தித்த ஒவ்வொரு கிருமிக்கும் எதிராக முழுப் படையையும் ரத்தத்தில் நிறுத்தி வைத்திருக்க உடலால் முடியாது. ஆனால் நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்களில் ஒரு பங்கும் டி செல்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்களில் ஒரு பங்கும் அந்தக் கிருமியின் அடையாளத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். வைரஸ் மறுபடி வந்தால் அவை பெருகி வேலையைத் தொடங்கச் சில நாள் பிடிக்கும். தொண்டையில் வைரஸ் பெருகி, இருமலும் காய்ச்சலும் வருவதற்கு அந்தச் சில நாளே போதும். நுரையீரலில் பெரிய சேதம் நடப்பதோ பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் புது ஆன்டிபாடிகள் ரத்தத்தில் நிறைந்துவிடும், டி செல்கள் வைரஸ் புகுந்த செல்களைத் தேடித் தேடி அழிக்க ஆரம்பித்துவிடும்.

ஆக, தொண்டைக்கு வரும் ஆபத்துக்கு உடலிடம் இருப்பது இரண்டு மூன்று நாள் அவகாசம். நுரையீரலுக்கு வரும் ஆபத்துக்கு ஒரு வாரம் அல்லது அதற்கு மேல். நினைவு செல்களுக்கு இந்த இடைவெளிதான் எல்லாமே. தட்டம்மையில் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக விழுகிறது. அந்த வைரஸ் உடம்புக்குள் நுழைந்து காய்ச்சல் வரவே பத்து நாள் போல ஆகும், வழியில் ரத்தத்தின் ஊடாகவும் போயாக வேண்டும். தடுப்பூசிக்குப் பிடிபடாத அளவுக்கு அது உருமாறுவதும் இல்லை. அதனால்தான் இரண்டு தவணைத் தட்டம்மைத் தடுப்பூசி 97 சதவீதம் அளவுக்கு நோயையே தடுக்கிறது, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. நம் மனதில் தடுப்பூசி என்றாலே தட்டம்மையும் பெரியம்மையும்தான் அளவுகோலாகப் பதிந்திருக்கின்றன. கொரோனா ஊசி அந்த அளவுகோலுக்கு எட்டவில்லை என்று ஏமாந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த 95 சதவீதம் எதற்கு?

2020 கடைசியில் உலகமே பேசிய எண் ஃபைசர் தடுப்பூசியின் 95 சதவீதம். சோதனையில் சேர்ந்தவர்கள் 43,000-க்கும் மேல். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, போட்டவர்களுக்கும் தெரியாது. இரண்டாம் தவணைக்கு ஒரு வாரம் கழித்து எண்ணத் தொடங்கினார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 162 பேருக்கும் நிஜ ஊசி போட்டவர்களில் 8 பேருக்கும் கொரோனா வந்தது. 95 என்பது இங்கிருந்து வந்தது.

இந்த 170 பேரும் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்பதுதான் முக்கியம். காய்ச்சல், இருமல் என்று ஏதாவது ஓர் அறிகுறி வந்து, பரிசோதனையிலும் உறுதியானவர்கள் மட்டும்தான் கணக்கில் வந்தார்கள். அறிகுறி இல்லாமல் தொற்று வந்து போனவர்களை அந்த எண்ணிக்கை பிடிக்கவில்லை. ஆகவே 95 சதவீதம் என்பது அறிகுறியுள்ள நோய்க்கு எதிரான எண். தொற்றுக்கு எதிரானது இல்லை, அடுத்தவருக்குப் பரவுவதற்கு எதிரானதும் இல்லை. அதுவும் இரண்டாம் தவணைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களின் எண், அதாவது ஆன்டிபாடி உச்சத்தில் இருந்த காலத்தின் எண். அந்தச் சோதனையில் தீவிர நோய் வந்தவர்கள் மொத்தமே 10 பேர். 9 பேர் வெறும் ஊசி போட்டவர்கள், ஒருவர் நிஜ ஊசி போட்டவர். பத்துப் பேரை வைத்து மரணத்தைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. நம் கோவேக்சினின் சோதனையிலும் இதே நிலைதான். 25,800 பேரைச் சேர்த்து நடத்திய அதில் அறிகுறியுள்ள நோய்க்கு எதிராக 77.8 சதவீதம், தீவிர நோய்க்கு எதிராக 93.4 சதவீதம். ஆனால் தீவிர நோய் வந்தவர்கள் 16 பேர்தான். தீவிர நோயைப் பற்றிய உறுதி பின்னால், காவல்துறை, சி.எம்.சி. போன்ற நிஜ உலகக் கணக்குகள் உலகெங்கும் குவியக் குவியத்தான் வந்தது.

தொற்றை அளக்க வேண்டும் என்றால் உடம்பு சரியாக இருப்பவர்களையும் விடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவமனை ஊழியர்களை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.-பி.சி.ஆர். எடுத்துக் கண்காணித்தார்கள். ஃபைசரின் இரண்டாம் தவணைக்குப் பிறகு, அறிகுறி இல்லாத தொற்றையும் சேர்த்தே 85 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. 2021 தொடக்கத்தில் கிடைத்த எண் அது. ஆகவே தடுப்பூசி தொற்றைத் தடுக்கவே இல்லை, அப்படிச் சொன்னதெல்லாம் ஏமாற்று என்று இன்று சொல்வதும் சரியில்லை. தடுத்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நிலைத்து நிற்கவில்லை. நிலைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையை மக்களிடம் யாரும் போதுமான அளவு சொல்லவும் இல்லை. 2021 ஜூலையில்கூட அமெரிக்க அதிபர் பைடன், இந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டால் கோவிட் வராது என்று தொலைக்காட்சியில் மக்கள் முன்னால் சொன்னார். அதே மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் டெல்டா வகை பரவி, மாநிலவாசிகளில் 469 பேருக்குத் தொற்று வந்தது. அவர்களில் 74 சதவீதம் பேர் முழுமையாக ஊசி போட்டவர்கள். மருத்துவமனைக்குப் போனவர்கள் ஐந்து பேர், ஒருவரும் இறக்கவில்லை. ஒரே சம்பவத்தில் இரண்டு உண்மையும் இருந்தன: டெல்டா வந்த பிறகு தொற்றைத் தடுப்பதில் ஊசி தடுமாறியது, மரணத்தைத் தடுப்பதில் தடுமாறவில்லை. தலைப்புச் செய்தியானது முதல் பாதி மட்டும்.

இஸ்ரேல் கணக்கு

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் இன்னொரு செய்தி பரவியது. இஸ்ரேல் மருத்துவமனைகளில் தீவிர நிலையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்றது அது. எண்கள் உண்மைதான். ஆகஸ்ட் 15 நிலவரப்படி முழுமையாக ஊசி போட்டவர்கள் 301 பேர், போடாதவர்கள் 214 பேர் தீவிர நிலையில் இருந்தார்கள். இதைப் பார்த்துப் பதறாமல் இருப்பது கஷ்டம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஜெஃப்ரி மாரிஸ் இந்த எண்களைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இந்த விஷயத்தில் கிடையாது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நாம் காவல்துறைக்குச் செய்ததைச் செய்ய வேண்டும். இஸ்ரேலில் ஊசிக்குத் தகுதியான வயதினரில் கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் போட்டிருந்தார்கள், 18 சதவீதம் பேர் போடவில்லை. லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் போடாதவர்களில் 16.4, போட்டவர்களில் 5.3. பாதுகாப்பு 67.5 சதவீதம். ஒரு நாட்டில் எல்லோருமே ஊசி போட்டுவிட்டால் மருத்துவமனையில் இருப்பவர்களும் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்பதை யோசித்தாலே இந்த முதல் படி புரிந்துவிடும்.

சரி, 67.5 என்பதும் சுமாரான எண்தானே? இங்கேதான் இரண்டாவது படி. 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எடுத்தால், லட்சத்துக்குப் போடாதவர்களில் 3.9, போட்டவர்களில் 0.3. பாதுகாப்பு 91.8 சதவீதம். 50 வயதுக்கு மேலே உள்ளவர்களை எடுத்தால் போடாதவர்களில் 91.9, போட்டவர்களில் 13.6. பாதுகாப்பு 85.2 சதவீதம். இளையவர்களுக்கு 91.8, மூத்தவர்களுக்கு 85.2. ஆனால் இரண்டையும் சேர்த்தால் 67.5! கணக்கில் பிழை இல்லை. ஊசி போட்டவர்களில் முதியவர்கள் அதிகம், போடாதவர்களில் பெரும்பாலும் இளைஞர்கள். முதியவர்களுக்குத் தீவிர நோய் வரும் ஆபத்து இயல்பாகவே பல மடங்கு. அப்படி இருக்க, வயதைப் பார்க்காமல் மொத்தமாகக் கூட்டினால் முதியவர் நிறைந்த கூட்டத்தை இளைஞர் நிறைந்த கூட்டத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். முதுமையின் ஆபத்து முழுவதும் ஊசியின் தலையில் விழுந்துவிடும்.

ஊசி போட்டவர்கள் இத்தனை பேர் மருத்துவமனையில் என்று ஒரு செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது இரண்டைத்தான். அந்த ஊரில் மொத்தம் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள், வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்களா. இரண்டும் இல்லாத செய்தியை வைத்து ஆதரவாகவும் பேச முடியாது, எதிர்ப்பாகவும் பேச முடியாது.

பழைய தடுப்பூசிகளும் இப்படித்தான்

கொரோனாவுக்கு வந்ததுதான் இப்படி அரைகுறை ஊசி, பழையதெல்லாம் முழுசாகத் தடுத்தன என்று ஒரு பேச்சு உண்டு. நம் தோளில் தழும்பு போட்ட பி.சி.ஜி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். அது காசநோய்க்கான ஊசி. காசநோயிலிருந்து நம்மை எவ்வளவு காக்கிறது என்பதை உலகுக்குச் சொன்ன மாபெரும் சோதனை நடந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். 1968-ல் தொடங்கிய அந்தச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பங்கெடுத்தார்கள், பதினைந்து ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. மருத்துவ உலகத்துக்குப் பெரிய அதிர்ச்சி அது. தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளால் மக்களுக்கு ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்பு வந்துவிடுகிறது, அதனால் ஊசி கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

அப்படியென்றால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. ஏன் போடுகிறார்கள்? கைக்குழந்தைகளுக்குக் காசநோய் மூளைச் சவ்வில் பரவினாலோ உடல் முழுக்கப் பரவினாலோ உயிர் பிழைப்பது கடினம். அந்த இரண்டு கொடிய வடிவங்களையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது. தொற்றைப் பெரிதாகத் தடுக்காத, ஆனால் மிக மோசமான விளைவைத் தடுக்கிற ஊசி. நாம் எல்லோரும் அதைத்தான் போட்டு வளர்ந்திருக்கிறோம்.

தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியாவுக்கான ஊசி கிருமியைக் குறி வைப்பதே இல்லை, கிருமி வெளியிடும் நச்சைத்தான் முறிக்கிறது. ஊசி போட்டவர் தொண்டையிலும் கிருமி தங்கலாம், ஆனால் ஆளைக் கொல்லும் நச்சு பலிக்காது. போலியோவில் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஊசியாகப் போடும் போலியோ மருந்து ரத்தத்தில் ஆன்டிபாடியை உண்டாக்கி வைரஸ் நரம்பு மண்டலத்துக்குப் போவதைத் தடுக்கும், கால் செயலிழக்காது. ஆனால் வைரஸ் வளரும் இடமான குடலில் அது அவ்வளவாகத் தடை போடாது. 2013-ல் இஸ்ரேலின் சாக்கடை நீரில் போலியோ வைரஸ் மாதக்கணக்கில் தென்பட்டது. அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஊசி போட்டவர்கள், ஒரு குழந்தைக்குக்கூடக் கால் செயலிழக்கவில்லை. ஊரில் வைரஸ் பரவுகிறது, நோயாளி மட்டும் இல்லை. பரவலை நிறுத்த அவர்கள் சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். வாய் வழியே போகும் சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கும். இந்தியா போலியோவை ஒழித்ததும் அந்தச் சொட்டு மருந்தை மீண்டும் மீண்டும் கொடுத்துத்தான்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சதவீதத்தைப் பார்த்து மட்டும் ஒரு தடுப்பு மருந்தை எடை போடக்கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. டெல்லி, புணே, வேலூர் மூன்று இடங்களில் குழந்தைகளிடம் சோதித்த ரோட்டாவேக், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேல்தான் தடுத்தது. 95-ஐக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வயிற்றுப்போக்கால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததாக ஒரு மதிப்பீடு இருந்தது. அதில் பாதியைக் குறைப்பது என்பது எத்தனை வீடுகள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே கண்ணோட்டத்தில்தான் ஃபைசர் சோதனையைப் பற்றிய இன்னொரு வாதத்தையும் பார்க்க வேண்டும். வெறும் ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 18,000 பேருக்கு 162 பேர், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எனவே ஊசியின் உண்மையான பலன் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 95 என்று ஊதிப் பெருக்கினார்கள் என்பது அந்த வாதம். கணக்கு சரி, முடிவு தவறு. அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண் சில மாதங்களுக்கு மட்டும், அப்போது அந்த ஊர்களில் இருந்த பரவலுக்கு மட்டும் பொருந்தும். அலை பெரிதானால், காலம் நீண்டால், அந்த எண் தானாகவே ஏறும். ஒருவருக்குக் கிடைக்கும் பலன் அவர் வயதையும் ஊரில் உள்ள பரவலையும் பொறுத்தது என்பதை அந்த வாதம் நினைவூட்டுகிறது. அந்த அளவுக்கு அது பயனுள்ளதுதான்.

ஒமிக்ரான் வந்த பிறகு

2021 நவம்பரில் அடையாளம் காணப்பட்ட ஒமிக்ரானின் கூர்ப்புரதத்தில், அதாவது வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் முள் போன்ற புரதத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். பழைய வைரஸுக்காக உருவான ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு இந்த வைரஸ் பிடிபடவில்லை. இரண்டு தவணை போட்டுச் சில மாதங்கள் ஆனவர்களுக்குத் தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு மிகவும் சரிந்தது. பூஸ்டர் அதைத் தூக்கி நிறுத்தியது, ஆனால் சில மாதங்களுக்குத்தான். டி செல்களின் கதை வேறு. அவை வைரஸின் பல துண்டுகளை அடையாளம் வைத்திருப்பவை. முப்பது இடங்களில் மாறினாலும் மாறாத துண்டுகள் நிறைய மிச்சம் இருக்கும். தீவிர நோய்க்கு எதிரான பாதுகாப்பு அவ்வளவாகச் சரியாததற்கு அவை ஒரு முக்கியமான காரணம்.

ஒமிக்ரான் சாதுவானது, அதனால்தான் மரணம் குறைந்தது, ஊசியால் இல்லை என்று நினைப்பவர்கள் 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வைரஸை வெளியே நிறுத்தி வைத்திருந்த நகரம் அது. ஆகவே பழைய தொற்றால் வந்த எதிர்ப்பு மக்களிடம் இல்லை. முதியவர்களில், குறிப்பாக 80 வயதைத் தாண்டியவர்களில், பெரும்பகுதியினர் ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்த ஜனவரி தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் வரை ஏறத்தாழ 5,900 பேர் இறந்தார்கள். அவர்களில் 96 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள், அந்த வயதினரில் இறந்தவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு தவணைகூடப் போடாதவர்கள். சாது என்று பெயர் வாங்கிய அதே ஒமிக்ரான்தான். முதியவர்களைக் காக்க முடிந்திருக்கும் என்பது தெரிந்தே இழந்த உயிர்கள் அவை. இதை எழுதும்போது வருத்தத்தை மறைக்க முடியவில்லை.

எனக்காகவா, பக்கத்து வீட்டுக்காரருக்காகவா?

தொற்றா, தீவிர நோயா என்ற வித்தியாசம் நீதிமன்றம் வரை போனது. 2021 கடைசியில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்கள், ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக் கட்டுப்பாடு விதித்தன. போடாதவரால் மற்றவர்களுக்கு ஆபத்து என்பதே அதற்கு அடிப்படை. இந்த அடிப்படை எவ்வளவு உறுதியானது?

பரவல் இரண்டு வழியில் குறையலாம். தொற்றே வராதவர் யாருக்கும் பரப்ப முடியாது, இது முதல் வழி. தொற்று வந்தாலும் குறைந்த நாட்களுக்கே பரப்புவது இரண்டாவது. டெல்டாவுக்கு முன்னால் இங்கிலாந்தில் வீடுகளை ஆராய்ந்தபோது, ஒரு தவணை போட்டிருந்தவருக்குத் தொற்று வந்தால் அவர் வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுவது ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது. டெல்டா வந்ததும் இது பலவீனமானது. சிங்கப்பூர் ஆய்வில், தொற்றின் முதல் நாட்களில் ஊசி போட்டவர், போடாதவர் இருவரிடமும் வைரஸ் ஒரே அளவில் இருந்தது. போட்டவர்களிடம் அது வேகமாக இறங்கியது என்பதுதான் வித்தியாசம். ஒமிக்ரான் வந்த பிறகு முதல் வழியும் பெரும்பாலும் அடைபட்டுப் போனது.

தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமானது என்று ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பு, யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும் சொன்னது. ஊசி போடாதவரிடமிருந்து பரவும் ஆபத்து போட்டவரிடமிருந்து பரவுவதைவிட அதிகம் என்று காட்டும் தரவு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை, ஆகவே அந்தக் கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றது. சிலர் இதை ஊசிக்கு எதிரான தீர்ப்பு என்று பரப்பினார்கள். அப்படி இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள ஊசி தேவை என்ற வாதமும், பிறரைக் காக்க உன்னை வற்புறுத்துவேன் என்ற வாதமும் வேறு வேறு. இரண்டாவதுக்குப் பரவலைப் பற்றிய ஆதாரம் வேண்டும். தட்டம்மையில் அந்த ஆதாரம் மலைபோல இருக்கிறது. 2022-ல் கொரோனாவில் அது இல்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டதால் தடுப்பூசித் திட்டங்களின் மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கைக்குச் சேதம் வந்தது என்றே நினைக்கிறேன். நாளைக்குத் தட்டம்மை ஊசிக்காக ஒரு கிராமச் சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகும்போது அந்தச் சேதத்தைச் சுமக்கப் போவது அவர்தான்.

தொற்றையே நிறுத்தும் ஊசிக்கான தேடல் ஓயவில்லை. கையில் குத்துவதற்குப் பதிலாக மூக்கில் விட்டால் வைரஸ் இறங்கும் இடத்திலேயே ஐ.ஜி.ஏ.யை உண்டாக்கலாம் என்பது அதன் அடிப்படை. போலியோ சொட்டு மருந்து குடலில் செய்ததை மூக்கில் செய்து பார்க்கும் முயற்சி. பாரத் பயோடெக்கின் இன்கோவேக் என்ற மூக்குவழிச் சொட்டு மருந்துக்கு 2022-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்குக் காட்டப்பட்டது ஏறத்தாழ 3,100 பேரிடம் அது தூண்டிய நோயெதிர்ப்பின் அளவு. எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, அவர்களிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவியது என்று எண்ணிப் பார்க்கும் சோதனை அது இல்லை. மூக்கில் விடும் மருந்து பரவலை நிறுத்துமா என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கைதான் பதில் சொல்ல வேண்டும்.